பேராயர் இல்லாத திருச்சபை: ஸ்காட்லாந்தின் கிர்க், ஓர் அறிமுகம்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே நெடிய கோபுரத்தோடு நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம். ‘கிர்க்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் தேவாலயத்துக்கும் திருச்சபைக்கும் அதுதான் சொல். கம்பெனி வேலைக்கு மதராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821இல் அது திறக்கப்பட்டது. ஆங்கிலேயரின் செயின்ட் மேரீஸ் ஆலயம் கோட்டைக்குள் 1680 முதலே இருக்கிறது. இரு தரப்புக்கும் அரசர் ஒருவர், வேதப்புத்தகம் ஒன்று, இருவருமே போப்பை மறுத்தவர்கள். பிறகு எதற்குத் தனிக் கோயில்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் ஸ்காட்லாந்தின் சமய வரலாற்றில் பாதி புரிந்துவிடும். இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: சபைக்குத் தலைவர் கிறிஸ்து மட்டுமே. அரசருக்கு அங்கே அதிகாரம் இல்லை. ஒரு போதகர் மற்றொரு போதகரை ஆளும் பேராயர் பதவியும் இல்லை. அதிகாரம் கூட்டங்களின் கையில் இருக்கும். அந்தக் கூட்டங்களில் உட்காரும் ‘மூப்பர்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘பிரஸ்பிட்டேரியன்’ என்ற பெயரே வந்தது.

இரண்டாம் விதி: வேதம் கட்டளையிடாத எதையும் வழிபாட்டில் சேர்க்கக் கூடாது. லுத்தரன்கள் பொதுவாக ‘வேதம் தடுக்காததை வைத்துக்கொள்ளலாம்’ என்பார்கள். படம், மெழுகுவர்த்தி, பண்டிகை எல்லாம் அந்த வழியில் உள்ளே வந்துவிடும். கிர்க்கில் வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்கள்: இது எந்த அதிகாரத்தில், எந்த வசனத்தில் இருக்கிறது?

இனி வரும் எதையும் இந்த இரண்டோடு உரசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டும்.

அரசியின் ஒப்புதல் இல்லாமல் பிறந்த சபை

1560க்கு முன்பு ஆயிரம் ஆண்டுக் கதை உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 563இல் கொலும்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து பன்னிரண்டு பேரோடு படகேறி அயோனா தீவில் மடம் அமைத்தார். பதினொன்றாம் நூற்றாண்டில் மார்கரெட் அரசி ரோமாபுரியின் வழக்கங்களை நாட்டுக்குள் உறுதிப்படுத்தினார். அப்போஸ்தலர் அந்திரேயாவின் எலும்புகள் என்று போற்றப்பட்டவை கிழக்குக் கடற்கரை நகரமொன்றில் வைக்கப்பட்டன. அந்த நகரத்துக்கும் அவர் பெயர்தான் (செயின்ட் ஆண்ட்ரூஸ்), ஸ்காட்லாந்துக் கொடியிலுள்ள பெருக்கல் குறியும் அவருடைய சிலுவைதான். நவம்பர் 30 அவர் திருநாள். அயோனாவில் மடாதிபதியே தலைமை தாங்கியதைக் காட்டி ‘எங்கள் நாட்டில் ஆதியிலேயே பேராயர் ஆட்சி இல்லை’ என்று பின்னால் வந்தவர்கள் எழுதியதுண்டு. அது மிகை. ஆயர்கள் இருந்தார்கள், நிர்வாகம் மட்டுமே மடாதிபதியிடம் இருந்தது.

புதிய போதனையைப் பேசியதற்காக பாட்ரிக் ஹாமில்டன் 1528இலும், ஜார்ஜ் விஷார்ட் 1546இலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எரிக்கப்பட்டார்கள். விஷார்ட்டின் கூட்டாளியான ஜான் நாக்ஸ் பிரெஞ்சுக் கப்பலில் பத்தொன்பது மாதம் துடுப்பு வலிக்கும் அடிமையாக இருந்தார். பிறகு ஜெனீவாவில் சீர்திருத்தவாதி ஜான் கால்வினிடம் சேர்ந்து, 1559இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் போப்பின் அதிகாரத்தை நீக்கியது, திருப்பலியைத் தடைசெய்தது, புதிய விசுவாச அறிக்கையை ஏற்றது. அரசி மேரி அப்போது பிரான்சில் இருந்தார். கத்தோலிக்கரான அவர் ஒப்புதல் தரவே இல்லை.

இங்கிலாந்தோடு உள்ள வேறுபாடு முளைத்தது இங்கேதான். அங்கே சீர்திருத்தத்தை அரசர் எட்டாம் ஹென்றியே தொடங்கிவைத்து, தன்னையே சபைத் தலைவராக்கிக்கொண்டார். ஸ்காட்லாந்தில் அது அரச குடும்பத்தை மீறி நடந்தது. அதனால் அடுத்த நூற்றுமுப்பது ஆண்டுகள் அரசர்கள் பேராயர்களைத் திணிப்பதும் சபை அவர்களைத் தள்ளுவதுமாகவே போயின. 1596இல் ஆண்ட்ரூ மெல்வில் என்ற போதகர் ஆறாம் ஜேம்ஸ் அரசரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது: இந்த நாட்டில் இரண்டு அரசர்கள், இரண்டு அரசுகள், கிறிஸ்துவின் அரசில் நீங்கள் அரசரல்ல, ஓர் உறுப்பினர்.

1637 ஜூலை 23 அன்று எடின்பரோ செயின்ட் கைல்ஸ் ஆலயத்தில், அரசர் முதலாம் சார்லஸ் அனுப்பிய புதிய ஜெபப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியதும் கூட்டம் கொந்தளித்தது, முக்காலிகள் பறந்தன. முதல் முக்காலியை எறிந்தவர் ஜென்னி கெடிஸ் என்ற காய்கறிக்காரி என்பார்கள். அந்தப் பெயர் பிற்கால மரபு, கலவரம் நிஜம். 1638 பிப்ரவரி 28 அன்று எடின்பரோ கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில், அரசரின் சமய மாற்றங்களை எதிர்க்கும் தேசிய உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் ஒப்பமிட்டவர்களின் வழிவந்தவர்களே ‘உடன்படிக்கையாளர்’. 1662இல் பேராயர்கள் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது, பணியிழந்த போதகர்கள் மலைச்சரிவுகளில் வழிபாடு நடத்தினார்கள். அப்படி வெளியில் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பது 1670இல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அரசு கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்ததற்காக, 1685இல் விக்டவுன் கழிமுகத்தில் இரண்டு பெண்களைக் கம்பத்தில் கட்டி, ஏறும் கடல் நீரில் மூழ்கடித்தார்கள். 1690இல்தான் பிரஸ்பிட்டேரியன் முறை சட்டப்படி நிலைபெற்றது.

கூட்டங்களின் படிக்கட்டு

பேராயர் இல்லாவிட்டால் முடிவெடுப்பது யார்? கீழ்ப்படியில் ‘கிர்க் செஷன்’: ஊர்ச் சபையின் போதகரும் மூப்பர்களும். மூப்பர் சம்பளம் வாங்காதவர். ஆனாலும் கூட்டத்தில் அவர் வாக்கும் போதகர் வாக்கும் ஒரே எடை. அதற்கு மேலே ‘பிரஸ்பிட்டரி’: ஒரு வட்டாரத்துப் போதகர்களும் சபைகள் அனுப்பும் மூப்பர்களும். இங்கிலாந்தில் பேராயர் செய்யும் வேலையை இங்கே இந்தக் கூட்டம் செய்கிறது. போதகரை அபிஷேகம் செய்வதும் விசாரிப்பதும் இதுவே. உச்சியில் பொதுப்பேரவை. ஆண்டுதோறும் மே மாதம் எடின்பரோவில் கூடும். தலைமை தாங்கும் மாடரேட்டருக்கு ஓராண்டுதான் பதவி, அதன் பிறகு அவர் மற்றவர்களில் ஒருவர்.

பேரவைக்கு அரசர் தம் பிரதிநிதியை அனுப்புவார். அவர் இருக்கை மேல்மாடத்தில். வாழ்த்துச் சொல்லலாம், விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. மெல்வில் சொன்னதை நாற்காலி போட்டே காட்டியிருக்கிறார்கள். அரசர் ஸ்காட்லாந்து எல்லைக்குள் வந்தால் கிரேத்தி ஆலயத்தில் மற்றவர்களோடு அமர்ந்து வழிபடுகிறார்.

ஒரு பேரவையின் திடீர் உற்சாகத்தில் சபையின் அடிப்படை மாறிவிடக் கூடாது என்பதற்காக 1697இல் ஒரு ‘தடுப்புச் சட்டம்’ போட்டார்கள். உபதேசம், வழிபாடு, ஒழுங்கு, ஆட்சிமுறை ஆகியவற்றில் மாற்றம் வேண்டுமென்றால் தீர்மானத்தை எல்லாப் பிரஸ்பிட்டரிகளுக்கும் அனுப்ப வேண்டும். பெரும்பான்மை ஒப்பினால் மட்டுமே அடுத்த ஆண்டுப் பேரவை அதைச் சட்டமாக்கலாம். அவசரப்படுவோருக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு, அதற்காகவே செய்தது.

போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரிய சண்டை எல்லாம் இதைச் சுற்றித்தான். இடம் காலியானதும் சபை ஒரு தேர்வுக் குழுவை அமைக்கிறது. குழு பலரை விசாரித்து, அவர்கள் பிரசங்கத்தைக் கேட்டு, ஒரே ஒருவரை முன்மொழிகிறது. அவர் சபைமுன் வழிபாடு நடத்துவார். பின் ரகசிய வாக்கெடுப்பு. வென்றால் உறுப்பினர்கள் ‘அழைப்பு’ ஓலையில் கையெழுத்திடுவார்கள், பிரஸ்பிட்டரி அவரைப் பணியில் அமர்த்தும். இரண்டு மூன்று பேரை நிறுத்திப் போட்டி நடத்தினால், தோற்றவரின் ஆட்கள் புதுப் போதகரை முதல் நாளிலிருந்தே ஏற்க மாட்டார்கள். ஒருவரையே முன்மொழிவதன் பலன் இங்கே தெரியும். எனினும் இதை முழு மக்களாட்சி என்று எண்ணிவிட வேண்டாம். சபை விரும்பினாலும் பிரஸ்பிட்டரி மறுக்கலாம்.

போதகரை யார் நியமிப்பது? 1843இன் பிளவு

1707இல் இங்கிலாந்தோடு ஒன்றியபோது கிர்க்கின் முறைக்குச் சட்டப் பாதுகாப்பு தரப்பட்டது. ஐந்தே ஆண்டில், 1712இல், லண்டன் பாராளுமன்றம் போதகரை நியமிக்கும் உரிமையை நிலக்கிழார்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. முதல் விதியின் மேல் விழுந்த நேரடி அடி இது. 1733இல் ஒரு குழு பிரிந்து போனது. அந்தக் குழுவே 1747இல் ஒரு நகரச் சத்தியப் பிரமாணத்தின் வாசகம் பற்றி இரண்டாக உடைந்தது. பிறகு அந்த இரண்டும் தனித்தனியே இரண்டிரண்டாக உடைந்தன. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். பிரியும் காரணம் ஒன்றேதான் என்று தெரிந்தால் போதும்.

பெரிய உடைப்பு 1843இல். அதற்கு முன்பு ஆக்டெரார்டர் என்ற ஊரில் நிலக்கிழார் அனுப்பிய ஒருவருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்ட குடும்பத் தலைவர்கள் இரண்டே பேர். எதிர்த்தவர்களோ ஏறத்தாழ ஊர் முழுவதும். சபை மறுத்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1839இல் நிலக்கிழாருக்கே சாதகமாக முடிந்தது. 1843 மே 18 அன்று பொதுப்பேரவை கூடியதும், விலகும் மாடரேட்டர் ஓர் எதிர்ப்பறிக்கையை வாசித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே வரிசை கிளம்பியது. சுமார் 1,200 போதகர்களில் 474 பேர் ஆலயம், வீடு, சம்பளம் மூன்றையும் விட்டுவிட்டு ‘சுதந்திரத் திருச்சபை’யை அமைத்தார்கள். தாமஸ் சால்மர்ஸ் அதன் முதல் மாடரேட்டர்.

பணத்துக்கு வழி? சால்மர்ஸ் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி. எல்லாம் ஒரே மைய நிதிக்கு. அங்கிருந்து எல்லாப் போதகருக்கும் சமப் பங்கு. நகரத்துப் பணக்காரச் சபை வட ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான மேட்டுநிலத்து ஏழைச் சபையைத் தாங்கியது இப்படித்தான். பணம் வந்தாலும் மண் கிடைக்கவில்லை. பல நிலக்கிழார்கள் ஆலயம் கட்ட இடம் தர மறுத்தார்கள். ஸ்ட்ரோன்ஷன் ஊர்க்காரர்கள் கிளாஸ்கோ பக்கம் இரும்பில் ஒரு மிதக்கும் ஆலயம் செய்வித்து, 1846இல் சுனார்ட் கடற்கழியில் கொண்டுவந்து நங்கூரமிட்டார்கள். நூறு பேர் ஏறினால் ஓர் அங்குலம் அமிழும், அதை வைத்தே எந்தப் போதகருக்குக் கூட்டம் அதிகம் என்று அளந்தார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கதை.

பிளவு மதராஸுக்கும் வந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் இங்கே தொடங்கிய பள்ளிக்குப் பெயரே ‘பொதுப்பேரவைப் பள்ளி’. இந்தியாவிலிருந்த கிர்க்கின் மிஷனரிகள் எல்லாரும் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் போனார்கள், ஆண்டர்சனும் போனார். அந்தப் பள்ளியின் வளர்ச்சியே இன்று தாம்பரத்திலிருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

நிலக்கிழார் உரிமை 1874இல் ஒழிந்தது. காரணம் போனபின் துண்டுகள் மெல்ல ஒட்டத் தொடங்கின. 1929இல் பெரும்பகுதி மீண்டும் ஒரே சபையானது. ஒட்டாமல் நின்ற சிறுபான்மை சுதந்திரத் திருச்சபை மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் இன்றும் உண்டு.

திருவிருந்தும் ஈய வில்லையும்

வழக்கங்களில் திருவிருந்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீண்ட மேசை, வெள்ளைத் துணி, சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் மக்கள். அப்பமும் கிண்ணமும் கை மாறிக் கை போகும். முழங்காலிடுவதில்லை. கடைசி இராப்போஜனத்தில் சீஷர்கள் பந்தியில் அமர்ந்திருந்தார்கள். முழங்காலிட்டால் அப்பத்தையே வணங்குவதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். 1618இல் அரசர் ‘முழங்காலிட்டே வாங்க வேண்டும்’ என்று ஆணையிட்டபோது எழுந்த எதிர்ப்பு ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்பது இப்போது விளங்கும்.

யார் வேண்டுமானாலும் பந்தியில் அமர முடியாது. விருந்துக்கு முன் போதகரும் மூப்பரும் ஞானோபதேச வினாவிடையைக் கேட்டுப் பார்ப்பார்கள், நடத்தையையும் விசாரிப்பார்கள். தேறியவருக்குச் சிறு காசு அளவில் ஓர் ஈய வில்லை. அதில் ஊரின் முதலெழுத்து, ஆண்டு, சில சமயம் போதகரின் பெயரெழுத்து இருக்கும். ஊரிலேயே அச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றிச் செய்வார்கள். மேசையில் அமர்ந்ததும் மூப்பர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஈயம் மலிவு, உருக்குவதும் எளிது. ஆகவே போலியும் எளிது, இரவல் கொடுப்பதும் நடக்கும். அதனால்தான் ஆண்டையும் எழுத்தையும் மாற்றிப் புதிய வில்லை வார்த்துப் பழையதை உருக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட அட்டை வந்து வில்லையின் இடத்தைப் பிடித்தது.

ஆண்டுக்கு நான்கு முறை என்று 1560இன் ஒழுங்குப் புத்தகம் சொன்னாலும், பல ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடந்தது. எனவே அது ஊர்த் திருவிழாவைப் போலாயிற்று. மேட்டுநில மரபில் ஐந்து நாள். வியாழன் உபவாசம். வெள்ளி ‘கேள்வி நாள்’: ஒருவர் எழுந்து ஒரு வசனத்தைச் சொல்லி, ‘மெய் விசுவாசியின் அடையாளம் என்ன?’ என்பது போலக் கேட்பார். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தம் அனுபவத்திலிருந்து பேசுவார்கள். சனி ஆயத்தம், ஞாயிறு விருந்து, திங்கள் நன்றி.

இசைக்கருவி இல்லாத பாட்டு

ஆர்கன் கூடாது, மனிதர் எழுதிய ஞானப்பாட்டும் கூடாது. வேதத்திலுள்ள சங்கீதங்களை மட்டும் பாடலாம். இரண்டாம் விதியின் சுத்தமான விளைவு இது. 1650இல் நூற்றைம்பது சங்கீதங்களையும் எளிய செய்யுளாக்கி வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே அளவு: எட்டு, ஆறு, எட்டு, ஆறு உச்சரிப்பலகு கொண்ட நான்கு அடிகள். அளவு ஒன்றாக இருப்பதால் எந்த மெட்டிலும் எந்தச் சங்கீதத்தையும் பாடலாம். இதற்கென்றே பக்கங்களைக் குறுக்கே இரண்டாக வெட்டிய பாட்டுப் புத்தகம் உண்டு. மேல் பாதியில் மெட்டு, கீழ்ப் பாதியில் சொற்கள். இரண்டையும் தனித்தனியே புரட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.

புத்தகமும் எழுத்தறிவும் இல்லாத காலத்தில் முன்பாடகர் ஓர் அடியைச் சொல்ல, சபை அதைத் திருப்பிப் பாடியது. கேலிக் மொழி பேசும் தீவுகளில் இந்த முறை இன்னும் கேட்கக் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் மெட்டைத் தத்தம் போக்கில் இழைத்து, கமகம் சேர்த்து, வெவ்வேறு கணத்தில் அடுத்த சுரத்துக்குப் போவார்கள். முதல்முறை கேட்பவர்கள் இதைச் சுருதி பிசகு என்று நினைப்பதுண்டு. முன்பாடகரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால் அலைக்கு அடியில் ஓடும் மெட்டு பிடிபடும். பெரிய கிர்க்கில் 1860களிலிருந்து ஆர்கன் நுழைந்தது. சுதந்திரத் திருச்சபை 2010இல்தான் இசைக்கருவிக்கும் ஞானப்பாட்டுக்கும் இடம் கொடுத்தது.

முக்காலியும் ஓய்வுநாளும்

கிர்க் செஷன் ஊரின் ஒழுக்க நீதிமன்றமாகவும் இருந்தது. திருமணமாகாமல் கர்ப்பம், குடித்துச் சண்டை, ஞாயிற்றுக்கிழமை வேலை: புகார் வந்தால் அழைப்பாணை, விசாரணை, எழுத்தர் பதிவு. ஒப்புக்கொண்டவர் வழிபாட்டின்போது எல்லார் கண்ணும் படும் ‘மனந்திரும்பும் முக்காலி’யில் அமர்ந்து கண்டனம் கேட்க வேண்டும், பல இடங்களில் மூன்று ஞாயிறுகள். அபராதப் பணம் ஏழைகள் நிதிக்குப் போகும். குழந்தையின் தகப்பன் யார் என்று அவ்வளவு துருவியதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை. 1845 வரை ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஊர்ச் சபைகளிடமே இருந்தது. தகப்பன் அகப்படாவிட்டால் செலவு ஊர்த் தலையில் விழும். வேறு ஊருக்குக் குடிபோனால் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், ஆகவே தப்பி ஓடுவதும் சுலபமில்லை. அதிகாரம் கொடூரமாகவும் மாறியது: 1563க்கும் 1736க்கும் இடையே சூனியக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் சுமார் 3,800 பேர். பெரும்பாலோர் பெண்கள், பலரை முதலில் விசாரித்தவை இதே செஷன்கள்.

ஞாயிறு முழுவதும் ஓய்வு. லூயிஸ் தீவின் பழைய வீடுகளில் சனிக்கிழமை இரவே உருளைக்கிழங்கு உரித்து, தண்ணீர் எடுத்து, அடுப்புக்கான கரிமண் கட்டியை உள்ளே அடுக்கி, காலணிக்கு மெருகு போட்டுவிடுவார்கள். அந்தத் தீவின் ஸ்டோர்னவே துறையிலிருந்து அல்லபுல்லுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள் கப்பல் 2009 ஜூலையில்தான் தொடங்கியது.

கிறிஸ்துமஸ்? வேதத்தில் தேதி இல்லை, கட்டளையும் இல்லை. 1640இல் பாராளுமன்றமே அந்த விடுமுறையை ஒழித்தது. 1958 வரை டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறை அல்ல. கொண்டாட்டம் எல்லாம் டிசம்பர் 31 இரவுக்கு, ‘ஹொக்மனே’வுக்கு, நகர்ந்துவிட்டது. நள்ளிரவுக்கு முன் வீட்டைக் கூட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளிவிடுவார்கள். மணி பன்னிரண்டு அடித்தபின் வாசலைத் தாண்டும் முதல் ஆள் உயரமான, கருமுடி ஆணாக இருந்தால் அதிர்ஷ்டம். கையில் நிலக்கரி, இனிப்பு ரொட்டி, உப்பு, விஸ்கி என ஏதாவது இருக்க வேண்டும்; வெறுங்கையோடு வருவது அபசகுனம். வேத வசனம் கேட்ட கிர்க் இதை எப்படி விட்டுவைத்தது என்றால், இது ஆலயத்துக்குள் நுழையாமல் வீட்டு வாசலோடு நின்றதால்தான்.

அடக்கத்திலும் சடங்கு குறைவு. பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறுகள், வழக்கமாக எட்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. யாருக்கு எந்த எண் என்று குடும்பம் முன்கூட்டியே அட்டை கொடுத்துவிடும். தலைமாட்டுக் கயிறு, முதல் எண், மிக நெருங்கிய உறவுக்கு. எண்ணை ஒதுக்குவதில் வரும் மனத்தாங்கல் எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் புதிதல்ல.

கிர்க்குக்கு வெளியே

ஸ்காட்லாந்தில் எல்லாரும் பிரஸ்பிட்டேரியன் அல்லர். பேராயர் முறையை விடாதவர்கள் எபிஸ்கோப்பல் சபையானார்கள். பதவி பறிக்கப்பட்ட ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை ஆதரித்ததால் பதினெட்டாம் நூற்றாண்டில் தண்டனைச் சட்டங்களுக்கு ஆளானார்கள். பாரா, தெற்கு உயிஸ்ட் தீவுகள் கத்தோலிக்கமாகவே நீடித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்களால் கிளாஸ்கோ பக்கத்தில் கத்தோலிக்கர் பெருகினர். 1918 முதல் அவர்களுடைய பள்ளிகள் அரசுச் செலவில் நடக்கின்றன. செல்டிக், ரேஞ்சர்ஸ் கால்பந்துப் பகைக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குடியேற்றம்தான்.

2022 கணக்கெடுப்பில் ‘மதம் இல்லை’ என்றவர்கள் 51.1 விழுக்காடு, கிர்க் 20.4, கத்தோலிக்கர் 13.3. 2011 கணக்கெடுப்பில் கிர்க் 32.4 இருந்தது. ஆள் குறைந்ததால் ஊர்ச் சபைகளை இணைப்பதும் ஆலயங்களை விற்பதும் இன்றைய பிரஸ்பிட்டரிக் கூட்டங்களின் அன்றாட அலுவலாகிவிட்டன.

எழும்பூர்க் கிர்க் இப்போது தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறது. பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன் உள்ளிட்ட மரபுகள் கலந்து 1947இல் உருவான சபை அது. மூப்பர் மரபும் பேராயர் பதவியும் ஒன்றாகப் போக முடியுமா என்று இருபதாண்டுக்கு மேல் பேசித்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே பேராயர் வேண்டாம் என்று கட்டிய அந்தக் கட்டடம் இன்று சென்னைப் பேராயரின் ஆளுகைக்குள் வருகிறது.